நன்றிக் கடிதத்தில் ‘ஃபுட் த பில்’ எழுதலாமா?

கேள்வி: என் தங்கையின் திருமணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த பெரியப்பாதான் மண்டபச் செலவு முழுவதையும் கொடுத்தார். அவருடைய பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று நன்றிக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி, ‘யூ ஃபுட்டட் த பில்’ என்று குறிப்பிட்டேன். அது மரியாதையாக இல்லை என்கிறான் தம்பி. அது சரியா? பணம் கொடுப்பதற்கும் காலுக்கும் என்ன தொடர்பு?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இங்கே ‘ஃபுட்’ என்பது மனிதரின் காலை அன்று, கணக்கின் அடியைக் குறிக்கிறது. தொகைகளை மேலிருந்து கீழாக எழுதிக் கூட்டி, மொத்தத்தை அடியில் இடுவதற்கு ஆங்கிலேயர் இச்சொல்லையே வினையாகப் பல நூற்றாண்டுகள் வழங்கினர். 19ஆம் நூற்றாண்டில் அது, அடியிலுள்ள தொகையைக் கொடுத்துத் தீர்ப்பதையும் குறிக்கலாயிற்று. காலி வீதி உணவகம் ஒன்றின் பில்லைப் பாருங்கள். கொத்து ரொட்டியும் பிரியாணியும் வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரியும் ஏறியிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் மொத்தம் நிற்கும். மேசையில் இருந்தவர்கள் எத்தனை பேரானாலும், அந்தக் கடைசி வரியைத் தன் பொறுப்பில் எடுப்பவரைப் பற்றியே இத்தொடரைச் சொல்வார்கள்.

ஆகவே பொருளளவில் நீங்கள் எழுதியது சரியே. ஆயினும் தம்பி சொல்வதை நான் ஒதுக்கமாட்டேன். பிறர் செய்த செலவை ஒருவர் சுமக்க நேர்ந்தது என்ற சாயல் இத்தொடரில் அடிக்கடி வந்து ஒட்டிக்கொள்கிறது; அரச நிறுவனமொன்றின் நட்டம் வரி செலுத்தும் மக்களின் தலையில் விழுகிறது என்று முறையிட ஆங்கிலப் பத்திரிகைகள் இதைக் கையாள்வதும் அதனால்தான். பெரியப்பாவே ‘ஐ வில் ஃபுட் த பில்’ என்று முன்வந்து சொன்னால் அதில் பெருந்தன்மை தெரியும். பெற்றுக்கொண்டவர் அவருக்கே அதை எழுதும்போது, அன்பாகக் கொடுத்தது கடன் தீர்த்ததுபோல் ஆகிவிடுகிறது. ‘யூ வெரி ஜெனரஸ்லி பெய்ட் ஃபோர் த ஹோல்’ என்று எளிமையாக எழுதுங்கள். மனமுவந்து கொடுத்தார் என்பது அதில் தெளிவாக வரும்.

‘ஃபிட் த பில்’ என்பது முற்றிலும் வேறு தொடர். தேவைக்குப் பொருத்தமாக அமைவதையே அது குறிக்கும். ஒலி ஒற்றுமையால் பலர் இரண்டையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். அவரவர் பங்கை அவரவரே கொடுக்கும் இடத்திலும் ‘ஃபுட் த பில்’ பொருந்தாது. அதற்கு ஆங்கிலத்தில் ‘கோ டச்’ என்பார்கள்.