குளிசையை நிறுத்தாதீர்கள், கல்சியத்தின் நேரத்தை மாற்றுங்கள்

கேள்வி: என் பெறாமகனுக்கு 17 வயது. பிறப்பிலேயே எச்.ஐ.வி. தொற்று உள்ளவன். இரவு ஒன்பது மணிக்கு ஒரு குளிசை போடுகிறான். போத்தலில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. பந்தடித்துவிட்டு வந்து முழங்கால் நோகிறது என்றதால் பக்கத்து டிஸ்பென்சரியில் காட்டினேன். கல்சியம் குளிசை தந்தார்கள். எச்.ஐ.வி. பற்றி அங்கே சொல்லவில்லை. மறந்துபோகாமல் இருக்க இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கிறேன். இந்த மருந்து எலும்பை அரிக்கும், இதயத்தையும் கெடுக்கும் என்கிறார்கள். கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா?
– ஒரு சித்தி, யாழ்ப்பாணம்

பதில்: நிறுத்த வேண்டாம், ஒரு நாள்கூட. ஆனால் இன்று இரவே ஒன்றை மாற்றுங்கள். வெறும் வயிற்றில் கல்சியத்தையும் டொலுடெக்ராவிரையும் ஒன்றாகப் போட்டால், கல்சியம் குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து இரத்தத்துக்குப் போதிய அளவு போகாது. கல்சியம் போட்டு ஆறு மணித்தியாலம் கழித்து, அல்லது கல்சியத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்பு மருந்து போட வேண்டும். உங்களுக்கு இலேசான வழி, கல்சியத்தை மதியச் சோற்றோடு கொடுப்பது. இரும்புச்சத்துக் குளிசைக்கும் இதே கணக்குத்தான். நல்ல சாப்பாட்டோடு என்றால் இவை இரண்டும் மருந்தோடு சேர்ந்து போகலாம். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் மக்னீசியம், அலுமினியம் கலந்த மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது, சாப்பிட்டாலும் இடைவெளி வேண்டும்.

எலும்பைப் பற்றி உங்களிடம் சொன்னவர் முழுப்பொய் சொல்லவில்லை. டெனோஃபோவிரின் பழைய வடிவம் சிலருக்கு எலும்புக்கு வேண்டிய பொஸ்பேற்றைச் சிறுநீரகம் வழியாகக் கசியவிடும். எலும்பின் அடர்த்தி சில சதவீதம் குறையும். அந்தக் குறைவு பெரும்பாலும் முதல் ஓரிரு வருடங்களில் நடந்து, பிறகு நின்றுவிடும். கவலை வருவது வயதால்தான். இருபதுகளின் நடுப்பகுதி வரை எலும்பு சேமிப்பில் இருக்கிறது, இப்போது சேர்ப்பதைத்தான் வாழ்நாள் முழுக்கச் செலவழிக்கப் போகிறான். மருந்தில்லாத வைரஸும் எலும்பைத் தின்னும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அதனால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின், பொஸ்பேற்று, சிறுநீரில் புரதம் ஆகியவற்றைக் கிளினிக்கில் பார்த்தார்களா என்று கேளுங்கள். தேவையென்று கண்டால் டெனோஃபோவிரின் புதிய வடிவத்துக்கு மாற்றுவது பற்றி அவர்களே கதைப்பார்கள். எலும்பு ஸ்கான் எடுத்தால், உயரம் குறைந்த பிள்ளைக்கு எண்ணும் குறைத்தே காட்டும். உயரத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்காமல் பயப்படாதீர்கள்.

இந்த வயதில் ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். பாலும் தயிரும், குரக்கன் புட்டு, எள்ளுருண்டை, முள்ளோடு மெல்லும் நெத்தலி என்று எங்கள் குசினியிலேயே நிறைய இருக்கிறது. கருவாடாக வேண்டாம், பச்சை நெத்தலியாகவே சமையுங்கள். உப்பு இதயத்துக்குப் பகை. யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் ரியூசன் கொட்டிலிலேயே நாள் கழியும் பிள்ளைக்கு விற்றமின் டி எங்கிருந்து வரும்? அதற்குப் பந்தடிப்பதே நல்ல மருந்து. ஓடிக் குதிக்கும்போதுதான் எலும்பு இறுகும், இதயமும் பலப்படும். விற்றமின் டி குளிசையை இரத்தம் பார்க்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இதயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ் மூட்டும் அழற்சி. அது இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிறிது சிறிதாகப் புண்படுத்தும். எச்.ஐ.வி. உள்ள 5,472 பெரியவர்களை வைத்து நடந்து 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களிடம்தான் இதய நோயும் மரணமும் கூடின. பையனுக்கு வருடாவருடம் பிரஷர், கொலஸ்ரரோல், சுகர் பார்க்கட்டும். இந்த மருந்தில் சிலருக்கு எடை ஏறும், அதையும் கவனியுங்கள். சிகரெட்டைப் பற்றி இப்போதே மனம்விட்டுக் கதையுங்கள்.

டிஸ்பென்சரியில் சொல்லப் பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன், ஊர் வாய் எப்படியென்று எனக்கும் தெரியும். ஆனால் கிளினிக்கில் ஒன்றையும் மறைக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது அந்தக் கல்சியம் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முழங்கால் நோ பெரும்பாலும் விளையாட்டால் வந்த அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, படி ஏறத் தொடை சோர்ந்தாலோ, இடுப்பில் நோவெடுத்து நொண்டினாலோ தவணைத் திகதி வரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.