கதை சொல்பவர் யார் கட்சி?

கேள்வி: எனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ் என்ற பெண்கள் விடுதிப் பள்ளிக் கதைகளை என் மகளோடு சேர்ந்து மறுபடியும் படித்தேன். ஆறு புத்தகம் முடிந்தும் குவெண்டலின் திருந்தவே இல்லையே, ஏன்? நான் படித்த கான்வென்ட் விடுதியை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். ‘நான்’ என்று தன்மையில் எழுதினால்தான் உண்மையாக இருக்கும் என்பது என் எண்ணம். சரிதானே? முதல் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: குவெண்டலின் திருந்தவில்லை என்று சொல்லாதீர்கள். அவளைத் திருந்த விடவில்லை.

முதல் புத்தகத்தின் ரயில் நிலையக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கவர்னஸிடம் பாடம் படித்து வளர்ந்த ஒரே பெண், முதன்முறையாக விடுதிக்குப் போகிறாள். அம்மா அழுகிறார், கவர்னஸ் அழுகிறார், பெண்ணும் அழுகிறாள். விடுதியில் படித்த யாருக்கும் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் நாம் அதைப் பார்ப்பது கதாநாயகி டாரலும் சக மாணவி அலிஷியாவும் நிற்கிற இடத்திலிருந்து. அவர்களுக்கு அது கேலிக்கூத்து. கதை எழுதும் பிளைட்டனும் அவர்களோடு நின்று கேலி செய்கிறார். குவெண்டலின் பள்ளிக்குள் கால் வைக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று.

அப்புறம் டாரல் செய்வதைப் பாருங்கள். நீச்சல் குளத்தில் பயந்தாங்கொள்ளி மேரி-லூவைத் தண்ணீருக்குள் அமுக்கியதற்காகக் குவெண்டலினைப் பளார் பளாரென்று அறைகிறாள். சாலி என்ற இன்னொரு மாணவியைப் பிடித்துத் தள்ளுகிறாள். சாலி நோயில் விழுந்ததும், தான் தள்ளியதால்தான் என்று டாரல் துடித்துப்போகிறாள். அது அப்பெண்டிசைட்டிஸ் என்று தெரியவருகிறது. அறுவை செய்ய வருபவர் யார்? டாரலின் அப்பா! கதாநாயகி கைநீட்டியதற்கு அவளுடைய அப்பாவே மருத்துவ ரீதியாக விடுதலை வாங்கித் தருகிறார். குவெண்டலினுக்கு இப்படி ஒரு அப்பா கிடையாது. கடைசிப் புத்தகத்தில் அவளுடைய அப்பா நோயில் விழுகிறார், அவள் படிப்பைப் பாதியில் விட்டுப் போகிறாள். அதுவும் அவளுக்கான தண்டனையாகத்தான் வந்து சேர்கிறது.

இதில் ஒரு சுவையான விஷயம். பிளைட்டன் 1943-இல் இரண்டாவதாக மணந்தவர் கென்னத் டாரல் வாட்டர்ஸ், அறுவை மருத்துவர். கதாநாயகி டாரல் ரிவர்ஸ், அறுவை மருத்துவரின் மகள். தண்ணீர் ஆறாகிவிட்டது, அவ்வளவுதான். கதை சொல்பவர் யார் கட்சி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இத்தனைக்கும் அந்தக் கதைகள் தன்மையில் எழுதப்பட்டவை அல்ல. 1946 முதல் 1951 வரை வந்த ஆறும் படர்க்கைதான். பிளைட்டன் நினைத்தபோது நினைத்த பெண்ணின் மனதுக்குள் போய்வருகிறார். குவெண்டலின் மனதுக்குள்ளும் போகிறார், ஆனால் போலீஸ் சோதனைக்குப் போவது மாதிரி. பொறாமை, சூழ்ச்சி என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். அந்தப் பெண் ராத்திரி போர்வைக்குள் என்ன நினைத்தாள் என்று உட்கார்ந்து கேட்பதில்லை.

அதே காலத்தில், 1948-இல், ஆன்டோனியா ஃபாரஸ்ட் எழுதிய ‘ஆட்டம் டேர்ம்’ வந்தது. அதிலும் விடுதி, அதிலும் ஒரு வேண்டாதவள். லோயிஸ் என்ற பெரிய பெண், விசாரணையில் நடந்ததைத் தனக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்லிச் சின்னப் பெண்களை மாட்டிவிடுகிறாள். ஃபாரஸ்ட் அவள் மனதுக்குள் போகும்போது, தான் சொல்வதைத் தானே எப்படி நம்ப ஆரம்பிக்கிறாள் என்று காட்டுகிறார். அவளை மன்னிக்கத் தோன்றாது. ஆனால் அவளை நமக்குத் தெரியும். விற்பனையில் பிளைட்டன் பக்கத்தில் ஃபாரஸ்ட் நிற்க முடியாது. எழுத வருகிறவர்கள் படிக்க வேண்டியது ஃபாரஸ்டை.

சரி, உங்கள் ‘நான்’. தன்மையில் எழுதினால் உண்மை தானாக வந்துவிடும் என்பது நம் பத்திரிகைக்கு வரும் கதைகளில் பாதியைக் கெடுத்துவைத்திருக்கிற நம்பிக்கை. ‘நான்’ என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள்: அன்றைக்குப் பார்த்த சிறுமி, இன்றைக்குச் சொல்கிற பெண். சார்லட் பிராண்ட்டி 1847-இல் ‘ஜேன் அயர்’ நாவலின் லோவுட் பள்ளிப் பகுதியில் இதைச் செய்து காட்டிவிட்டார். பத்து வயது ஜேனை ஸ்டூல் மேல் ஏற்றி, இவள் பொய்க்காரி, யாரும் இவளோடு பேசக் கூடாது என்கிறார் நிர்வாகி. அவமானத்தில் நிற்கிறவளைக் கடந்து போகும்போது அவள் தோழி ஹெலன் ஒரு புன்னகை செய்கிறாள். அந்த ஹெலனின் கையிலும் அப்போது ‘ஒழுங்கற்றவள்’ என்ற தண்டனைப் பட்டை இருக்கிறது. இது சிறுமி பார்த்தது.

ஹெலன் சாகிற இரவில் ஜேன் அவளைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். ஆனால் சாவை அவள் பார்க்கவில்லை, தூங்கிவிட்டாள். விடிகாலையில் ஆசிரியை மிஸ் டெம்பிள் வந்து பார்த்த காட்சியை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதில்லை. உடனே அடுத்த பத்தியில், பதினைந்து வருடம் அந்தக் கல்லறை வெறும் புல்மேடாக இருந்தது, இப்போது பெயர் பொறித்த கல் இருக்கிறது என்கிறாள். அது வளர்ந்த ஜேன்.

இப்போது உங்கள் முதல் பக்கம். “அவள் கண்களில் பொறாமை தீயாய் எரிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வயதில் மெஸ் வரிசையில் நின்ற நீங்கள் பார்த்தது என்ன? அவள் உங்கள் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டாளா, வரிசையில் உங்களை முந்தினாளா? அதை எழுதுங்கள். பொறாமை என்று பெயர் வைத்தது பின்னால் நீங்கள். அந்தப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து ஊறுகாய் வந்ததா என்பதையும் யோசித்து வையுங்கள். அந்த வரியை அடித்துவிட்டு முதல் அத்தியாயத்தை முழுசாக அனுப்புங்கள், படிக்கிறேன்.