‘புளியமரம் எதுவுமே செய்யலியே, அது எப்படிப் பாத்திரம் ஆகும்?’னு கட்டுரை எழுதும்போது மாட்டிக்கிட்டு நிக்கிறதாக் கேட்டிருந்தீங்க.

‘இயற்கையின் குறியீடு’ன்னு மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ (1966) நாவல்ல மரம் சும்மா நிக்குது. அதைச் சுத்தி இருக்கிறவங்களோட ஆசையும் பகையும்தான் அதுக்குக் குணத்தைக் கொடுக்குது. அதனாலதான் அது பாத்திரம்.

நீங்க மாட்டிக்கிட்டது, ‘மரம் = என்ன?’ன்னு ஒரே ஒரு விடையைத் தேடுறதாலன்னு நினைக்கிறேன். வகுப்புக் குறிப்புகள் பழக்கிவிட்ட வழி அது.

இப்படிப் பண்ணிப் பாருங்க:

1. ஊர்ப் பழங்கதை சொல்ற பெரியவர் தாமோதர ஆசான் வர்ற பகுதியில மரம் யாருக்கு என்னவா இருக்குன்னு குறிச்சுக்கோங்க.

2. அடுத்து, வியாபாரிகளான தாமுவும் காதரும் மோதுற பகுதியில அதையே பாருங்க. ஆசானுக்கு நினைவா இருந்தது, இவங்களுக்கு வியாபாரமும் அரசியலுமா மாறியிருக்கும். நடுவில காற்றாடி மரத்தோப்பை அழிச்சுப் பூங்கா வைக்கிற இடத்தை விட்டுடாதீங்க. புளியமரத்தோட முடிவுக்கு முன்னோட்டமே அங்கதான் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் அதுதான்.

ஒரு எச்சரிக்கை: நாகர்கோவில்காரங்க நமக்கு நாவல்ல வர்ற புளியமர முக்கும் கடைத்தெருவும் கண்ணுக்குள்ள நிக்கும். அதுக்காக நாவலை ஊர் வரலாறா எடுத்து மேற்கோள் காட்டிடாதீங்க.