கோழியின் இறகை வெட்டினால் வலிக்குமா?
சுங்கை சிப்புட்டில் உங்கள் கோழிகள் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறுகின்றன, இறகை வெட்டினால் வலிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றிய இறகு நம் நகம் மாதிரிதான், வலிக்காது. ஒரு பக்க இறக்கையில் மட்டும் வெட்டுங்கள். அப்போதுதான் பறக்கும்போது ஒரு பக்கமாகச் சாயும், வேலி தாண்ட முடியாது.

இருட்டியதும் பிடித்தால் அடங்கி இருக்கும். கக்கத்தில் இடுக்கி இறக்கையை விரித்தால், நுனிப்பக்கம் 10 நீள இறகுகள் தெரியும். மேலே மூடியிருக்கும் சிற்றிறகுகளுக்குக் கீழே கத்தரியுங்கள். தண்டின் அடி கருத்துத் தடித்திருந்தால் தொடவே வேண்டாம். அது வளரும் இறகு, உள்ளே ரத்தம் ஓடும். தப்பித் தவறி வெட்டுப்பட்டால் சோளமாவை அப்பி அழுத்திப் பிடியுங்கள்.

இறகு உதிர்ந்து புதிதாக முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டும். அப்புறம், செம்பனைக் காட்டிலிருந்து மூசாங் (மரநாய்) வந்தால் கோழி பாவம், பறந்து தப்ப முடியாது. இரவில் கூண்டில் அடைத்தே ஆகவேண்டும்.