வரப்புப் புற்றில் வரிப்பல்லி

கேள்வி: தென்னங்கன்று நட்ட வயலின் வரப்பில் இடுப்பளவு கறையான் புற்று. இடிக்கப் போனபோது சாண் நீளத்தில், பட்டை பட்டையாக ஒரு பல்லி வெளியே வந்தது. கடித்தால் பிழைக்க மாட்டோம் என்று வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். பக்கத்தில்தான் ஆடு கட்டுகிறேன். கன்றுகளிலும் கறையான் ஏறுகிறது. இது என்ன பல்லி? புற்றில் குளோர்பைரிபாஸ் பூச்சிமருந்து ஊற்றச் சொல்கிறார் கடைக்காரர். ஊற்றினால் ஒழியுமா?

பதில்: பல்லி ஒழியும். கறையான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் பல்லியின் முதுகைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பட்டையான பருக்கள் வரிசை வரிசையாக, பழுப்பு உடம்பில் வெள்ளைக் கரை வைத்த கரும்பட்டைகள். கறையான் புற்றுப் பல்லிதான், ஹெமிடாக்டைலஸ் டிரைட்ரஸ். சுவரில் ஓடும் வீட்டுப் பல்லிக்குப் பங்காளி. இந்தியாவில் வறண்ட காட்டில், கல்லுக்கடியில், புற்றுப் பொந்தில் இருக்கும். பகலில் தூங்கி இரவில் வேட்டையாடும், கறையானையும் தின்னும். விஷம் சொட்டுக்கூடக் கிடையாது. ஆட்டுக்கு ஆபத்து என்றால், மருந்து ஊற்றிய இடத்தில் அது புல் மேய்வதுதான்.

கறையான் ராணி இருப்பது ஆழத்தில். மேலே ஊற்றும் மருந்து அதுவரை போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். மேல் பொந்தில் இருக்கும் பல்லியும் தவளையும்தான் முதலில் சாகும். பாட்டில் மூடியால் அளவு சொல்லும் கடைக்காரருக்கு விற்பனைதான் கணக்கு, உங்கள் வரப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கன்றுக்கு என்ன எரு வைத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பச்சைச் சாணமும் மக்காத வைக்கோலும் குழிக்குள் போனால், அது கறையானுக்கு வைக்கும் விருந்து. வருஷக்கணக்காகக் குப்பை கிடந்தது என்பார்கள். கிளறாமல் கிடந்த குப்பை உள்ளே அப்படியேதான் இருக்கும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். சூடு இருக்கக் கூடாது, சாண வாடை வரக் கூடாது. வைக்கோல் துண்டை விரலிடுக்கில் தேய்த்தால் பொடியாக வேண்டும், நாராக இழுபட்டால் இன்னும் நாள் இருக்கிறது. அப்புறம் தண்ணீர். காய்ந்து துவண்ட கன்றில்தான் கறையான் சட்டென்று ஏறும்.

புற்றை இடிக்காதீர்கள். கறையான் ஏறிய கன்றின் அடியைக் கிளறி, கையில் வருவது எரு மண்ணா வைக்கோலா என்று பார்த்து எழுதுங்கள்.