மாஸ்டடானுக்குப் போனவர்கள் ஏன் நிலைக்கவில்லை? சில கேள்விகள், சில பதில்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. என்னைத் தெரியாதவர்களுக்கு: காட்பாடியில் சர்வர் பராமரிப்பு வேலை பார்ப்பவள் நான். இந்தப் பக்கத்து லேப் டெக்னீஷியன்கள், நர்ஸ்கள், தோல் கெமிஸ்ட்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய மாஸ்டடான் சர்வருக்கு நான்தான் அட்மின். மாஸ்டடானையே தெரியாதவர்களுக்கு: ட்விட்டர் மாதிரி எழுதலாம், படிக்கலாம். ஆனால் ஒரே கம்பெனியின் கையில் இல்லை. ஆளாளுக்கு நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்கின்றன.

முதலில் வழக்கமான எச்சரிக்கை. மாஸ்டடானில் தனிச்செய்தி ரகசியம் இல்லை. முனைக்கு முனை மறையாக்கம் அதில் கிடையாது. உங்கள் சர்வர் அட்மினும், எதிராளியின் சர்வர் அட்மினும் நினைத்தால் படிக்கலாம். நோயாளியின் பெயர், ரிப்போர்ட், எக்ஸ்ரே எதையும் அதில் அனுப்பாதீர்கள். இனி கேள்விகள்.

செவிலியர், பாகாயம்: அக்கா, 2022 கடைசியில் எங்க வார்டில் பாதிப் பேர் மாஸ்டடானில் சேர்ந்தோம். கோடைக்குள் எல்லாரும் காணாமல் போயிட்டாங்க. இது எங்க சோம்பேறித்தனமா, மென்பொருளின் குறையா?

சோம்பேறித்தனம் இல்லைம்மா. 2022 அக்டோபர் 27 அன்று எலான் மஸ்க் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தார். அடுத்த சில வாரங்களில் மாஸ்டடானின் மாதாந்தரப் பயனர்கள் சுமார் 25 லட்சம் ஆனார்கள். 2023 ஜனவரியில் 18 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டது. உங்கள் வார்டில் நடந்ததுதான் உலகம் முழுக்க நடந்தது. இந்தியாவில் இதற்கு முன்பே ஒரு ஒத்திகை உண்டு. 2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது ஒரு கூட்டம் கோபத்தோடு மாஸ்டடானுக்குப் போனது. கோபம் ஆறியதும் பெரும்பாலானவர்கள் திரும்பிவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டால் எல்லாரும் "சேர்வது கஷ்டம், சர்வர் தேர்ந்தெடுப்பது குழப்பம்" என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சேர்ந்தவர்கள்தானே போயிருக்கிறார்கள்? கதவைத் திறக்கத் தெரியாதவர்கள் உள்ளேயே வரவில்லை.

நம் சர்வரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு லேப் டெக்னீஷியன் ரத்தப் பூச்சு ஸ்லைடின் படம் ஒன்றைப் போட்டார். நோயாளி விவரம் எதுவும் இல்லை, ஊதா நிறத்தில் கொஞ்சம் விகாரமாக ஒரு செல், அவ்வளவுதான். "இது என்ன வகை?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். ட்விட்டரில் இதே மாதிரிக் கேள்விக்கு, முன்பின் தெரியாத ஒரு ஹெமட்டாலஜிஸ்ட் (ரத்தநோய் டாக்டர்) எங்கிருந்தோ ராத்திரியோடு ராத்திரியாகப் பதில் போட்டதைப் பார்த்தவர் அவர். இங்கே என்ன ஆனது? மாஸ்டடானில் ஒரு பதிவு பொதுவாக உங்களைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் சர்வர்களுக்குத்தான் போகும். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் எல்லாம் நம் ஊர்க்காரர்கள். ஆக, கேன்டீனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கேன்டீன் ஆட்களிடமே சுற்றி வந்தது. ஹேஷ்டேக் போட அவருக்குத் தோன்றவில்லை. ஊரார் பதிவுகளை வார்த்தை போட்டுத் தேடும் வசதி 2023 செப்டம்பரில் 4.2 பதிப்பில்தான் வந்தது. அதிலும் "என் பதிவைத் தேடலாம்" என்று அனுமதி கொடுத்தவர்களின் பதிவுதான் கிடைக்கும். தொல்லை கொடுப்பவர்கள் தேடி வந்து தாக்காமல் இருக்கத்தான் அப்படி வைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதே வேலியில் ஹெமட்டாலஜிஸ்ட்டும் மாட்டிக்கொண்டார்.

தொழில் சார்ந்தவர்கள் இப்படி ஒரு இடத்துக்கு வருவது தெரிந்தவர்களோடு பேச இல்லை. அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. தெரியாத ஆள் கண்ணில் படத்தான் வருகிறார்கள். பொய்கை மாட்டுச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர், வெளியூர் வியாபாரி வருவார் என்றுதான் போகிறார். அக்கம்பக்கத்துக்காரர்களே கூடி நின்றால் அடுத்த செவ்வாய் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இன்னொன்று. முதலில் போனவர்கள் கேள்வி கேட்டவர்கள் இல்லை, பதில் சொன்னவர்கள். நம் சர்வரில் பொறுமையாகப் பதில் எழுதிய நோயியல் டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்கு மாநாட்டு அறிவிப்பும் ஆய்வுக் கட்டுரைப் பேச்சும் வேறு இடத்தில் நடந்தன. இரண்டு இடத்திலும் எழுத அவருக்கு நேரமில்லை. அவர் நிறுத்தியதும் கேள்விகள் அப்படியே கிடந்தன, கேட்டவர்களும் நின்றுவிட்டார்கள்.

ஆசிரியை, ஆற்காடு: எந்த சர்வரில் சேர்வது நல்லது?

செலவை யார் ஏற்கிறார், பேக்கப் எடுக்கிறார்களா, அட்மின் ஒருவரா பலரா என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் சொல்லும் எந்த சர்வரும் சரிதான்.

தோல் கெமிஸ்ட், ஆம்பூர்: மேடம், எங்க ஆளுங்க எல்லாரும் லிங்க்ட்இன் பக்கம் போயிட்டாங்க. பையர் அங்கதான் இருக்காரு. இதுல தப்பு இருக்கா?

தப்பே இல்லைண்ணா. ஷூ வாங்குகிற ஐரோப்பியக் கம்பெனிக்காரர் மாஸ்டடானில் உட்கார்ந்து சப்ளையர் தேட மாட்டார். உங்கள் ஆட்கள் போட்ட படங்கள் அருமையானவை: வெட் ப்ளூ (க்ரோமில் பதனிட்ட ஈரத் தோல்) கட்டு, ஃபினிஷ் ஆன தோலின் கிரெய்ன் (மேற்பரப்பு வரி), பக்கத்திலேயே நிறம் ஒப்பிடும் ஷேடு கார்டு. அதைப் பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை. தோல் குழுவில் கடைசிவரை உயிரோடு இருந்தது பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிய பேச்சு மட்டும்தான். அது உள்ளூர் விஷயம், உள்ளூர் ஆட்களே போதும்.

ஒருவர் க்ரோம் அளவோடு தோல் பதனிடும் முழு ரெசிபியையும் தனிச்செய்தியில் அனுப்பியிருந்ததாக அவரே சொன்னார். மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்கும்தான்.

மாணவர், காட்பாடி: பிட்காயின் மாதிரியா இது?

இல்லை.

கல்லூரி மாணவர், சத்துவாச்சாரி: அக்கா, ஒரே கம்பெனி கையில இருக்கக் கூடாதுங்கிற கொள்கையை வசதிக்காக விட்டுக்கொடுக்கச் சொல்றீங்க. எல்லாரும் ட்விட்டர் மாதிரியே இருக்கிற ப்ளூஸ்கைக்குப் போனாங்க. அதுவும் ஒரு கம்பெனிதானே?

கம்பெனிதான் தம்பி. யாரையும் எங்கேயும் போகச் சொல்லவில்லை, ஏன் போனார்கள் என்றுதான் சொல்கிறேன். ப்ளூஸ்கை 2024 பிப்ரவரியில் அழைப்பிதழ் இல்லாமலே எல்லாருக்கும் திறந்தது. அதே வருடம் ஜூனில் ஸ்டார்ட்டர் பேக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் துறை ஆட்களின் பட்டியலைப் போட்டு வைத்தால், புதிதாக வருபவர் ஒரே தட்டில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். அந்த நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு பயனர்கள் 2 கோடியைத் தாண்டினார்கள். துறை துறையாகக் கூட்டம் இடம் மாறியதற்கு அந்தப் பட்டியல் ஒரு பெரிய காரணம்.

அதே மாணவர்: ஆனா பதிவுகளைத் திரட்டி அனுப்புற ரிலே, அதை நமக்குக் காட்டுற ஆப்வியூ, கணக்கு யாருதுன்னு குறிச்சு வைக்கிற அடையாளப் பதிவேடு எல்லாமே பெரும்பாலும் அந்தக் கம்பெனி மெஷின்ல ஓடுது. நாளைக்கு வித்துட்டா?

நீ சொல்வது சரி. தரவை சொந்த மெஷினில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மற்ற முக்கியப் பகுதிகளுக்குப் பெரும்பாலானவர்கள் கம்பெனியைத்தான் நம்பியிருக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வரும் நர்ஸ் இதைக் கேட்டு முடிவெடுப்பதில்லை, அவ்வளவுதான் என் கட்சி.

ஓய்வுபெற்ற பொறியாளர், ராணிப்பேட்டை: நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். மின்னஞ்சலும் மையமில்லாததுதான். அதை விட்டுவிட்டு எந்தத் தொழில்காரனும் ஓடவில்லையே?

சார், இந்தச் சுற்றின் நல்ல கேள்வி இதுதான். மின்னஞ்சல் முகவரியை உங்களுக்கு ஆபீஸ் கொடுத்தது. சர்வரை ஆபீஸ் பார்த்துக்கொண்டது. நீங்கள் யாருக்கு எழுத வேண்டும் என்பதும் முன்பே தெரியும், தேட வேண்டியதில்லை. இந்த மூன்றும் மாஸ்டடானில் தலைகீழ். முகவரியை நீங்களே தேட வேண்டும், சர்வரை என் மாதிரி ஒருத்தி ராத்திரி பதினொரு மணிக்குப் பார்க்க வேண்டும், பேச வேண்டிய ஆள் யார் என்பதே தெரியாது.

சத்துவாச்சாரி மாணவர்: அந்த மின்னஞ்சலும் இப்போ ரெண்டு மூணு பெரிய கம்பெனி கையிலதான் இருக்கு. சொந்தமா மெயில் சர்வர் வச்சா நேரா ஸ்பேம்ல விழுது.

ராணிப்பேட்டை பொறியாளர்: தம்பி, விழுந்தாலும் முகவரி என்னுடையது. டொமைனை (@-க்குப் பின்னால் வரும் என் இணையப் பெயரை) வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்வேன்.

பாகாயம் செவிலியர்: அப்போ ஆஸ்பத்திரியே, காலேஜே சர்வர் நடத்தினா நிலைக்குமா?

மூன்று பேரும் சேர்ந்து என் வேலையைக் குறைத்துவிட்டீர்கள். நிறுவனம் நடத்தினால் பாதிப் பிரச்சினை தீரும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நிறுவனமும் கைவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் 2022 ஏப்ரலில் ஈயூ வாய்ஸ் என்று ஒரு மாஸ்டடான் சர்வர் தொடங்கியது. ஒன்றியத்தின் பல அமைப்புகள் அதில் எழுதின. சோதனை முயற்சி முடிந்ததும் பொறுப்பெடுக்க வேறு அலுவலகம் கிடைக்காமல் 2024 மே மாதம் மூடிவிட்டார்கள். சுவிஸ் அரசும் ஒரு வருடம் நடத்திப் பார்த்துவிட்டு, பார்ப்பவர்கள் குறைவு என்று அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்தியது. பணம் இல்லாத இடங்களா இவை? "இது என் வேலை" என்று சொல்ல ஈயூ வாய்ஸுக்கு ஒரு நாற்காலி இல்லை. ஜெர்மனியில் மத்திய அரசுத் துறைகளுக்கான சர்வரை அங்குள்ள தரவுப் பாதுகாப்பு அலுவலகம் தன் பொறுப்பில் வைத்திருந்ததால் அது தொடர்ந்து ஓடியது.

சத்துவாச்சாரி மாணவர்: அப்போ கொள்கை முக்கியம்னு ஒத்துக்கறீங்க.

நாற்காலி முக்கியம் என்றேன். இதை இத்தோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பத்திரிகை நிருபர், வேலூர்: ஒரு சர்வரை இன்னொரு சர்வர் மொத்தமாகத் தடுக்கிறதாமே?

ஆமாம். உங்கள் துறையிலேயே நடந்தது. 2022 நவம்பரில் பத்திரிகையாளர்களுக்காக ஜர்னா.ஹோஸ்ட் என்ற சர்வர் தொடங்கப்பட்டது. அதிலிருந்த சிலரின் பதிவுகளைச் சொல்லிப் பல சர்வர்கள் அந்த சர்வரையே தடுத்தன. சம்பந்தமே இல்லாத நிருபரின் எழுத்தும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. தடுப்பது அட்மினின் உரிமை, நானும் செய்திருக்கிறேன். 2024 பிப்ரவரியில் கவனிப்பாரற்றுக் கிடந்த சின்ன சர்வர்கள் வழியாக ஸ்பேம் கொட்டியபோது வேறு வழியில்லை. ஆனால் ஒரு தொழில் முழுவதும் ஒரே சர்வரில் குடியிருந்தால் ஒருவர் செய்த வினை எல்லார் தலையிலும் விடியும்.

மருந்தாளுநர், குடியாத்தம்: எந்த சர்வரில் சேரலாம் மேடம்?

ஆற்காடு ஆசிரியைக்குச் சொன்ன பதில்.

நூலகர், வாணியம்பாடி: சர்வர் மூடினால் நான் எழுதியதெல்லாம் என்ன ஆகும்?

போய்விடும். கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பதிவுகள் வராது. 2023 பிப்ரவரியில் மாஸ்டடான்.லால் என்ற சர்வரின் அட்மின், சண்டை சச்சரவு தாங்காமல் மூடப்போவதாக அறிவித்தார். அவர் மூன்று மாதம் அவகாசமாவது கொடுத்தார். குவியர்.ஏஎஃப் என்ற சர்வருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஏஎஃப் ஆப்கானிஸ்தானின் டொமைன் என்பதால் 2024இல் அந்த நாட்டு அமைச்சகம் முகவரியையே பிடுங்கிவிட்டது.

நீங்கள் நூலகர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அமைப்புகளுக்குப் போய் "இறக்குமதி, ஏற்றுமதி" பக்கத்தில் ஆவணக் காப்பு கேளுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை கேட்கலாம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் செய்வதில்லை.

கடைக்காரர், லாங் பஜார்: கடை வைஃபை மாடிக்கு வர மாட்டேங்குது.

ரவுட்டர் வைத்துக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

மென்பொருள் பணியாளர், திருப்பத்தூர்: சர்வர் நடத்த மாதம் எவ்வளவு ஆகும்?

நூறு பேருக்குள் என்றால் வாடகை பெரிய தொகை இல்லை. வெளி சர்வர்களிலிருந்து வந்து சேரும் படங்களும் உங்கள் டிஸ்கில்தான் உட்காரும். அதை அவ்வப்போது துடைக்கா விட்டால் ஒருநாள் காலையில் டிஸ்க் நிரம்பி, பதிவுகளை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் படுத்துவிடும். பணத்தைவிட ஆள்தான் செலவு. இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி குறைதீர் அலுவலர் பெயரையும் தொடர்பையும் போட வேண்டும், புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். சம்பளமில்லாத ஒரு ஆள் இதையெல்லாம் எத்தனை நாள் பார்ப்பார்?

லேப் டெக்னீஷியன், பள்ளிகொண்டா: எந்த சர்வர்…

ஆற்காடு. மேலே.

அரசு மருத்துவமனை லேப் டெக்னீஷியன், அரக்கோணம்: அக்கா, இதெல்லாம் படிச்ச பிறகும் நாங்க ஒரு பத்துப் பேர் முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கோம். என்ன செய்யணும்?

செய்யுங்கள். ஆனால் பத்து லேப் டெக்னீஷியன்களாகப் போகாதீர்கள். பதில் சொல்லக்கூடிய இரண்டு நோயியல் டாக்டர்களை முதலில் பிடியுங்கள், அவர்கள் ஒத்துக்கொண்ட பிறகு கணக்குத் தொடங்குங்கள். புதிய சர்வர் போடாதீர்கள், ஓடுகிற ஒன்றில் சேருங்கள். ஒரு ஹேஷ்டேக் முடிவு செய்து ஒவ்வொரு பதிவிலும் போடுங்கள், வெளியூர் ஆள் உங்களைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. பழைய கணக்கை மூட வேண்டாம். அப்புறம், ஸ்லைடு படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை மறைத்துவிட்டு எடுங்கள். தனிச்செய்தியிலும்தான்.