கிராமத்தில் நல்ல சாப்பாட்டுப் பழக்கத்தைக் கொண்டுவர உள்ளூர்த் திட்டங்கள் உதவுமா? எங்கே தொடங்குவது?

உதவும். ஆனால் கூட்டம் போட்டுப் பேசுவதில் தொடங்கினால் நாள்தான் போகும். அடுப்படியில் தொடங்குங்கள்.

ஒரு கிராமத்து ஊட்டச்சத்துக் குழுவில் இரண்டு வருடம் தன்னார்வலராக இருந்தேன். முதல் சில மாதங்கள் சுவரில் படங்களை ஒட்டி, புரதம், இரும்புச்சத்து என்று விளக்கினோம். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். வீட்டுக்குப் போய் எப்போதும் சமைப்பதையே சமைத்தார்கள். ஒருநாள் ஒரு அம்மா கேட்டார்: "நீங்க சொல்றது சரிதான். ஆனா சாமான் வாங்குற ஆள் இங்கே வரலையே?" எங்களுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. சமைப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், குழந்தைக்கு எதைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் பெரியவர் இன்னொருவர். அடுத்த கூட்டத்திலிருந்து மூவரையும் அழைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் வியட்நாமில் நடந்த ஒரு வேலையைப் பற்றிப் படித்தேன். 1990 டிசம்பரில் 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக ஜெர்ரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக் ஸ்டெர்னினும் அங்கே போனபோது, பலனைக் காட்ட அரசு கொடுத்த அவகாசம் ஆறே மாதம். 'தான் ஹோவா' என்ற மாகாணத்துக் கிராமங்களில் குழந்தைகளை எடை போட்டுப் பார்த்தார்கள். பரம ஏழை வீடுகளிலும் சில குழந்தைகள் நல்ல எடையோடு இருந்தார்கள். அந்த வீட்டுத் தாய்மார்கள் வயலில் கிடைக்கும் சின்ன இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இலை இவற்றைச் சோற்றில் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இவை குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நாளைக்கு வழக்கமான இரண்டு வேளைக்குப் பதிலாக அதே சோற்றைப் பல வேளைகளாகப் பிரித்தும் ஊட்டினார்கள். குழந்தையின் வயிறு சின்னது, ஒரே நேரத்தில் அவ்வளவையும் அதனால் சாப்பிட முடியாது. அப்புறம் மற்றத் தாய்மார்களையும் கூட்டிச் சேர்ந்து சமைக்க வைத்தார்கள். வரும்போது ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ இலையோ கொண்டுவர வேண்டும், அதுதான் நுழைவுச் சீட்டு. தேடி எடுத்துவரும் பழக்கம் அப்படித்தான் கையில் படிந்தது.

இதையே நாங்களும் செய்தோம். வசதி குறைவாக இருந்தும் பிள்ளைகள் நன்றாக வளரும் வீடுகளைத் தேடினோம். மூன்று வீடுகள் கிடைத்தன. அந்த வீட்டுப் பெண்கள் சமைத்துக் காட்டினார்கள், நாங்கள் காய் நறுக்கிக் கொடுத்தோம். வெளியிலிருந்து வந்த எங்கள் பேச்சைவிடப் பக்கத்து வீட்டுக்காரியின் கைப்பக்குவத்துக்கு மதிப்பு அதிகம். அங்கே வந்த கேள்விகளுக்குத்தான் விஷயத்தைச் சொன்னோம். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர, அதே வேளையில் எலுமிச்சை போல வைட்டமின் சி உள்ள பழம் ஏதாவது சேர்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். கீரையில் கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால்தான் அதிலுள்ள வைட்டமின் ஏ சத்து உடலில் ஏறும். சமைக்கும்போது காதில் விழுந்தது யாருக்கும் மறக்கவில்லை.

உப்புக்கு ஒரு எளிய கணக்கு வைத்திருந்தோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். உப்புப் பாக்கெட்டில் வாங்கிய தேதியை எழுதி வைக்கச் சொன்னோம். ஒரு கிலோ இருபது நாளில் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே கையைக் குறைத்துக்கொண்டார்கள்.

பெரியவர்களின் நாக்கு மாறாது என்பவர்களுக்குப் பின்லாந்தின் வட கரேலியாவைச் சொல்வேன். இதய நோயால் ஆண்கள் நடுவயதிலேயே இறந்துகொண்டிருந்த, பால் பண்ணைகள் நிறைந்த பகுதி. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற மருத்துவர் தலைமையில் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெண்கள் சங்கத்தினர் கொழுப்பும் உப்பும் குறைத்த சமையலைக் கிராமம் கிராமமாகச் செய்து காட்டினார்கள். வெண்ணெய் விற்பனை குறைந்தால் பால் விவசாயி என்ன செய்வார்? அதையும் யோசித்து, பெர்ரிப் பழச் சாகுபடிக்கு உதவினார்கள். சுமார் நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே மாரடைப்பு வகை இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புகைப்பழக்கம் குறைந்ததற்கும் சிகிச்சைக்கும் இதில் பங்கு உண்டு. உணவு மாற்றத்தின் பங்கு பெரியது.

விளைவிப்பவரின் வருமானத்தைத் திட்டத்துக்குள் கொண்டுவருவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரேசிலில் 2009-இல் வந்த சட்டம், பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்தே வாங்க வேண்டும் என்று வைத்தது. உங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறைக்குக் காய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். வாரம் இரண்டு நாளாவது ஊரிலேயே வாங்க ஏற்பாடு செய்ய முடிந்தால், காய் போட நான்கு பேர் தானாக முன்வருவார்கள். எங்களிடம் அப்படித்தான் ஆறு பேர் வந்தார்கள்.